முன் உயரம், பின் உயரம்

அக்கா,

போன கிழமை ஒரு சின்னப் பெட்டை எனக்கு அளவெடுத்தாள். சிரிக்காதீர்கள். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் நிறுத்தி, திருப்பி, கையைத் தூக்கச் சொல்லி ஒரு ஆயுள் முழுக்க அளவெடுத்தவளை, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு சாத்தி வைத்துத் தலையில் ஒரு பலகையை இறக்கினாள். "அன்ரி, நிமிர்ந்து நில்லுங்கோ" என்றாள். "நிமிர்ந்துதான் நிக்கிறன் பிள்ளை" என்றேன். சொன்ன கையோடு எனக்கு உடம்பு கூசிவிட்டது. அது என் பேச்சில்லை, உங்களுடைய பேச்சு.

அது ஒரு புது ஆஸ்பத்திரி. பெயர் எழுத மாட்டேன். மாபிள் போட்ட தரை; வயதுபோன ஆட்கள் வழுக்கி விழுவதற்கென்றே மினுக்கி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கைகோத்துக் கடற்கரையில் ஓடுகிற படம். அதன் கீழே 'உங்கள் எலும்புகளை நேசியுங்கள்' என்று கொட்டை எழுத்து. எலும்பை நேசிக்கிறதாம். தூ.

அளவெடுத்து முடிந்ததும் அந்தப் பெட்டை கணினிக்கு முன்னால் இருந்து கேள்வி கேட்டாள். வயது, நிறை, சிகரெட் குடிப்பேனா என்றெல்லாம். பிறகு, இதுவரை ஏதாவது எலும்பு முறிந்திருக்கிறதா, மூச்சு இழுக்கிற முட்டு வருத்தத்துக்கு ஸ்டீரோயிட் குளிசை குடித்திருக்கிறேனா என்று. எல்லாவற்றையும் போட்டால் அடுத்த பத்து வருடத்துக்குள் இடுப்பு முறிவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அந்தப் பெட்டி சொல்லுமாம்.

"அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிஞ்சிருக்கோ அன்ரி?"

"அக்காவுக்கு முறிஞ்சது."

"அக்கா இதுக்கை வராது அன்ரி. அம்மா, அப்பா மட்டுந்தான்."

உங்களுக்குக் கட்டம் இல்லையாம், அக்கா. இரண்டு வயதில் தாயைத் தின்றவள் என்று ஊர் சொன்ன என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவருக்கு, அந்த இடுப்பு முறிந்துபோன கதையைச் சொல்ல அந்தப் பெட்டிக்குள் ஒரு கட்டம் இல்லை. அவள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் உங்களிடத்தில் விடை இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைவிடக் கேவலம், அந்த விடைகள் என் கொப்பியிலேயே இருந்தன.

என் அளவுக்கொப்பி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீலமட்டை போட்டது. வருடா வருடம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் உங்களுக்கு இரண்டு சட்டை தைப்பேன். நீங்கள் சங்கக்கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்து வருவீர்கள். "பழைய அளவுக்குத் தையன். உந்த வயசிலை நான் என்ன வளரப் போறனோ?" என்பீர்கள். நான் விடமாட்டேன். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி நாடாவைப் பிடிப்பேன். தோளிலிருந்து மார்பு வழியாக இடுப்பு வரைக்கும் முன் உயரம். பிடரி எலும்பிலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரைக்கும் பின் உயரம்.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு, ஒவ்வொரு வருடமும் உங்கள் முன் உயரம் குறைந்தது. கால் இஞ்ச், ஒரு வருடம் அரை இஞ்ச். பின் உயரம் ஏறியது. உள்பாவாடை நீளம் மட்டும் மாறவேயில்லை. கால் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் சுருங்கிக்கொண்டு போனது. "நிமிர்ந்து நில்லுங்கோ அக்கா" என்று நாடாவின் நுனியால் முதுகில் தட்டுவேன். "நிமிர்ந்துதானடி நிக்கிறன்" என்பீர்கள். நான் நம்பவில்லை. தராசடியில் குனிந்து குனிந்து பழகிய கூன் என்று நினைத்தேன். நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். உள்ளே முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. முதுகு நோகுது என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் எண்ணெய் தடவிவிட்டேன்.

நான் செய்ததைக் கேளுங்கள். பின் துண்டைச் சற்று நீட்டி வெட்டி, பிடரிக்குக் கீழே இரண்டு சின்ன மடிப்புப் பிடித்து, முன் கழுத்தை மேலே ஏற்றி, உங்கள் கூன் தெரியாமல் தைத்தேன். கோயிலில் பெண்கள் என்னைப் பிடித்து, "கொக்காவுக்குச் சட்டை என்ன வடிவாப் பொருந்தியிருக்கு" என்றார்கள். பூரித்துப் போனேன். உங்கள் உடம்பு எனக்கு எழுதிக்காட்டிய கடிதத்தை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் விரல்களைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

உங்களுக்கு முட்டு வேறு. எப்போதோ ஒரு டொக்டர் எழுதித் தந்த துண்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அந்தச் சின்ன வெள்ளைக் குளிசையை வாங்கி விழுங்கினீர்கள். மருந்துக்கடைக்காரனும் ஒருநாளாவது 'ஏன்' என்று கேட்கவில்லை. முகம் மட்டும் உருண்டது. கையும் காலும் ஈர்க்காகிப் போயின. அதுக்கு மேல் விரதம். வெள்ளிக்கிழமை, கந்தசட்டி ஆறு நாள், திருவெம்பாவை, கௌரி காப்பு. "கொக்காவைப் போல விரதகாரி இந்த ஊரிலை இல்லை" என்று எனக்கே வந்து சொல்வார்கள். ஒரு மனுசி பட்டினி கிடந்து தேய்கிறதைப் பார்த்துக் கைதட்டுகிற ஊர்.

பிறகு அந்த மாரி மழைக்காலம். கிணற்றடியில் பாசி வழுக்க, கையை ஊன்றினீர்கள். ஒரு வாளித் தண்ணீர்கூடக் கையில் இல்லை, சும்மா வழுக்கினதுதான். மணிக்கட்டு வளைந்து புடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். உங்களை மாவுக்கட்டுப் போட உள்ளே கூட்டிக்கொண்டு போன நேரம், ஒரு சின்ன டொக்டர் என்னைக் கூப்பிட்டா. என்னைவிட இளம் பிள்ளை. ஒற்றைப் பின்னல், தேய்ந்த பாட்டா செருப்பு. படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தா.

"நீங்கள் தங்கச்சியோ? கை சுகமாகிடும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ. ஆனா எலும்பைப் பாருங்கோ, பூச்சி அரிச்ச கடுதாசி மாதிரி இருக்கு. நிண்ட நிலையிலை வழுக்கினதுக்கு உது முறிஞ்சிருக்கக் கூடாது. ஒண்டு முறிஞ்சால் மற்றதும் முறியப் பாக்கும். அடுத்தது இடுப்பாயிருக்கும்."

படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே மேலும் சொன்னா:

"விழ விடாதேங்கோ. குனிஞ்சு நிமிர்ந்து பாரமான வேலை செய்ய விடாதேங்கோ. பால், மீன் ஏதும் குடுங்கோ. அந்த முட்டுக் குளிசையை ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ. அக்காவுக்கும் சொல்லுங்கோ, என்ன?"

கணினியும் இல்லை, கட்டமும் இல்லை. ஒரு படம், ஒரு யன்னல், இரண்டு கண். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது.

நான் உங்களுக்குச் சொல்லவில்லை. குஞ்சியம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் சித்தப்பாவின் மனுசி. பக்கத்து வளவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதையும் எண்ணுகிற மனுசி. நான் சொல்லி முடிக்க முதலே நெஞ்சில் கையை வைத்தா.

"ஐயோ, அடுத்தது இடுப்பெண்டு சொன்னவளோ? உவள் கரிநாக்குக்காரியாய் இருப்பாள் பிள்ளை. வாயை வைச்சிட்டாள். கொக்காவுக்கு மூச்சுக் காட்டாதை. சொன்னால் பலிச்சிடும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது, அக்கா. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், கோடு கோடாக அளவெழுதத் தெரிந்தவள், வருடக்கணக்காக உங்கள் முன் உயரம் குறைவதைக் கண்ணால் கண்டவள், ஒரு டொக்டர் சொன்ன புத்தியைச் சாபமாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பின்னேரமே குஞ்சியம்மா செத்தல் மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்து உங்கள் தலையைச் சுற்றிக் கழிப்புக் கழித்து நெருப்பில் போட்டா. உப்பு படபடவென்று வெடித்தது. "பாத்தியே, எவ்வளவு நாவூறு" என்றா. நீங்கள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, கை முறிஞ்சதுக்கும் கழிப்போ?" என்று சிரித்தீர்கள். "கண்ணூறு அக்கா" என்று பொய் சொன்னேன். அந்தப் பிள்ளையின் நல்ல வார்த்தையை மிளகாயோடு சேர்த்து எரித்தோம்.

அதோடு விட்டேனா? கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். "அம்மாளாச்சி, அக்காவின்ரை கை சுகமானால், வாற திருவிழாவுக்கு அவ தேருக்குப் பின்னாலை அடியழிப்பா."

அவ அழிப்பா. நான் அழிப்பேன் என்று சொல்லவில்லை. வாய் என்னுடையது, உடம்பு உங்களுடையது. அடியழிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தேர் போகிற வீதி முழுக்க, முழங்காலை மடித்து விழுந்து, நெற்றி மண்ணில் பட வணங்கி, எழுந்து, நெற்றி பட்ட இடத்துக்கு நடந்து, மறுபடி விழ வேண்டும். நான்கு வீதிக்கும் எத்தனை நூறு தரம் விழுந்து எழும்புவது! எனக்கென்று ஏன் நேர்ந்துகொள்ளவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம். என்னிடம் சட்டை தைக்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஈரச் சேலையில் மண் ஒட்ட, பிட்டம் தூக்கி விழுந்தெழும்ப எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கென்றால் ஊர் மெச்சும் என்று நினைத்தேன். இதுதான் காரணம். வேறு ஒரு நல்ல காரணமும் இல்லை.

கை சுகமாகி, கொஞ்சம் கோணலாகப் பொருந்தியது. நேர்த்தியைச் சொன்னபோது என்னைப் பார்த்து, "நேருறது நீ, விழுறது நானோ? நல்ல நியாயம்" என்றீர்கள். பிறகு, "சரி, சொன்னால் செய்யத்தானே வேணும்" என்று எழும்பிப் போய்விட்டீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

திருவிழா வந்தது. அந்த நேரம் கரன்ட் போய்விட்டது. மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசையில் நின்ற காலம். வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடினோம். ஆனால் தேர் ஓடியது; அளவெட்டி ஊரிலிருந்து மேளமும் வந்தது. அந்த வருடச் சட்டைக்கு அளவெடுத்தபோது முன் உயரம் இன்னும் முக்கால் இஞ்ச் குறைந்திருந்தது. எழுதினேன். வெட்டினேன். இன்னொரு மடிப்புப் பிடித்தேன்.

கிழக்கு வீதி, தெற்கு வீதி, மேற்கு வீதி. நான் செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நடந்து வந்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கியது. "போதும் அக்கா" என்றேன். "இன்னும் ஒரு வீதிதானே" என்றீர்கள். வடக்கு வீதி திரும்பிப் பத்துப் பதினைந்து அடி இருக்கும். குனிந்து வணங்கி, கையை ஊன்றி எழும்பினீர்கள். பாதி எழும்பின நிலையில் ஒரு சத்தம். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அதற்குப் பிறகுதான் விழுந்தீர்கள். விழுந்து முறியவில்லை, அக்கா. முறிந்துதான் விழுந்தீர்கள். இதை நான் யாருக்குச் சொன்னாலும் நம்புகிறார்களில்லை.

மண்ணில் கிடந்து உடம்பு உதற, பல்லைக் கடித்து, "அம்மா, அம்மா" என்று முனகினீர்கள். யாரோ கத்தினார்கள்: "உரு வந்திட்டுது! அம்மாள் வந்திட்டா!"

தவில்காரன் அடியைக் கூட்டினான். பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். ஒருத்தி உங்கள் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினாள். குஞ்சியம்மா வேப்பிலையைக் கையில் திணித்தா. இயக்கத்துக்குப் போன மகனைத் தேடித் திரிந்த ஒரு மனுசி உங்கள் காலடியில் விழுந்து, அந்த முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு, "தாயே, என்ரை பிள்ளை எப்ப வருவான்? ஒரு வாக்குச் சொல்லு தாயே" என்று அழுதாள். நீங்கள் வீரிட்டீர்கள். அதையும் வாக்கென்று எடுத்துக்கொண்டு "அரோகரா" என்றார்கள்.

படம் பார்த்துச் சொன்னவள் கரிநாக்கு. இடுப்பு முறிந்து கிடப்பவளிடம் குறி கேட்கிறார்கள். ஒரு சனமா அது?

அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். இதை இத்தனை வருடம் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சத்தத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆனாலும் எல்லாரும் கும்பிட, என் கையும் தானாகக் கூடிவிட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு உங்களைக் கும்பிட்டேன். ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு உங்கள் கண் என்னைத் தேடிப் பிடித்தது. "தங்கச்சி, இடுப்படி" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நான் மனுசியானேன்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர். படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நான் உங்களுக்குச் சொன்னனான் எல்லோ" என்றா. அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும். தகடு வைத்துப் பூட்ட அந்த நேரம் சாமான் வருவதில்லை. கொழும்புக்குக் கொண்டுபோக வழியுமில்லை. கட்டிலின் கால்மாட்டில் பாரம் கட்டித் தொங்கவிட்டுக் கிடத்தினார்கள். கிழமைக்கணக்காகக் கிடந்தீர்கள். பிறகு வீட்டில் மாதக்கணக்காக. முதுகு புண்ணாகியது. பெரியம்மாக்கள் தோடம்பழத்தோடு வந்து, "அம்மாள் வந்த உடம்பு, ஒண்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, மணம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் உங்களுக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள். "அந்த டொக்டர்ப் பிள்ளை முந்தியே சொன்னவவாம். வார்ட்டிலை இருக்கேக்கை எனக்குச் சொன்னவ. நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் பலிச்சிடுமெண்டு குஞ்சியம்மா..."

நீங்கள் என் கையிலிருந்த துணியை வாங்கிக் கட்டிலில் வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "சொல்லியிருந்தால் நான் விழுந்து கும்பிடாமல் சுத்தி நடந்து கும்பிட்டிருப்பன். அம்மாளென்ன, அதுக்குக் கோவிப்பாவோ?"

அக்கா, அந்தக் கேள்வியை நான் இன்னும் விழுங்கவில்லை. பெரிய விரதகாரி, சொன்னால் கேட்கமாட்டீர்கள், சாமி விசயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டீர்கள் என்று உங்களுக்காக நானே தீர்மானித்திருந்தேன். உங்களுக்கோ அது நடந்து போகிற அளவு சின்ன விசயம். உங்கள் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தது, உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்த மாரியில் சளி நெஞ்சில் இறங்கிப் போய்விட்டீர்கள். தொண்ணூற்றைந்தில் ஆமிக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, செம்மணி வெளியில் குஞ்சியம்மா எனக்குப் பக்கத்தில் நடந்து வந்து சொன்னா: "நல்ல காலம் கொக்கா முந்திப் போயிட்டா. இருந்தால் எப்பிடித் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய்?" மழைக்குள் நின்று காறித் துப்பினேன். அவவுக்கென்று நினைத்திருப்பா. அவ சொல்ல முதலே எனக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டது, அதுக்குத்தான் துப்பினேன்.

இனி அந்தப் பெட்டையின் கதைக்கு வருகிறேன். அக்கா இதுக்கை வராது என்றாளல்லவா? நான் சொன்னேன்: "அம்மாவுக்கு முறிஞ்சதெண்டு போடு பிள்ளை."

"முதல் அக்காவெண்டு சொன்னீங்கள் அன்ரி?"

"என்னை வளத்தவ அவதான். நீ போடு."

போட்டாள். எண் ஏறியது. டொக்டர் பார்த்துவிட்டுக் கிழமைக்கு ஒரு குளிசை எழுதினார். ஞாயிறு விடிய வெறுவயிற்றில், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் குனியவும் கூடாது, படுக்கவும் கூடாது. அந்தக் குளிசைக்கு அப்படி ஒரு கட்டளை.

இன்றைக்கு முதல் ஞாயிறு. உங்களை நிறுத்தி அளவெடுத்த, ஊருக்குத் திரும்பி வந்தபோதும் உடையாமல் நின்ற அதே நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறபோது கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"என்னம்மா செய்யிறியள்?"

"நிமிர்ந்து நிக்கிறன்."

"என்னது?"

சொன்னேன், அக்கா. என் எலும்பு அரித்துப் போச்சு, உன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் அரித்தது, உனக்கும் அரிக்கும், நீயும் ஈர்க்கு மாதிரித்தான் இருக்கிறாய், போய்ப் படம் எடு, பெரியம்மாவுக்கு முறிந்ததென்று சொல், கட்டம் இல்லையென்றால் சண்டை பிடி. முதலில் மணிக்கட்டு முறியும், பிறகு இடுப்பு முறியும்.

"ஐயோ அம்மா, விடியக் காலமையிலை என்ன கரிநாக்குக் கதை?"

"ஓம் பிள்ளை," என்றேன், "கரிநாக்குத்தான். போனை வைக்காமல் கேள்."